அன்று கொடி அசையவில்லை

நீங்கள் பொய் சொன்னீர்கள்.

இந்த வருடம் கடலோர நகரம் ஒன்றில் நடந்த பெண்கள் டென்னிஸ் போட்டியின் பரிசளிப்பு மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கோப்பையை வாங்கிய பெண் காற்றின் தயவால் ஜெயித்தாள் என்றீர்கள். அன்று சாயங்காலம் அங்கே காற்று இல்லை. கேலரிக் கூரையில் கட்டியிருந்த கொடி, பிழிந்து போட்ட ஈரத் துண்டு மாதிரி கம்போடு ஒட்டிக் கிடந்தது. நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் நாற்காலி அந்தக் கொடிக்கு நேர் எதிரே இருந்தது.

அதோடு விடாமல் உங்கள் வாராந்திரப் பத்தியிலும் அதையே எழுதினீர்கள். நீங்கள் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர். இப்போது இளம் ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய அடுத்த மாதம் கூடும் குழுவிலும் இருக்கிறீர்கள். அங்கே நீங்கள் காற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் பட்டியலில் இருக்கமாட்டாள். அவள் என் தங்கை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். காற்றைப் பற்றி என்னிடம் யாரும் கதைவிட முடியாது. அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். எந்தப் பக்கமிருந்து எவ்வளவு அடிக்கிறது என்று ஸ்டியரிங்கே கைக்குச் சொல்லிவிடும். டென்னிஸில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். என் தங்கை போடும் சர்வை எதிரே நின்று வாங்குவது. அவளுடைய எட்டு வயதிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது அவளுக்கு இருபது.

மண்டபத்தில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் எங்கள் அம்மா துப்புரவுப் பணியாளர். அந்தக் குடியிருப்பின் கடைசியில், கடலைப் பார்த்தபடி, ஒரு சிமெண்டு டென்னிஸ் கோர்ட் கிடந்தது. அதில் ஆட யாரும் வரமாட்டார்கள். அம்மா அதில் முண்டு மிளகாய் காயப்போடுவாள். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் இரண்டு மட்டைகளையும் ஒரு கூடைப் பழைய பந்துகளையும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். கோர்ட்டின் ஒரு மூலையில் மிளகாய், மிச்சத்தில் நாங்கள்.

"பந்து மொளகாயில விழுந்துச்சுன்னா நீதாம்லே போயி எடுக்கணும். அவ கைய வச்சுட்டுக் கண்ணக் கசக்குவா" என்பாள் அம்மா.

"அப்ப எனக்குக் கண்ணு இல்லையா?"

"ஒனக்கு இருந்து என்னத்தக் கண்ட."

அந்தக் கோர்ட்டில் காற்று நிற்காது. வாடை போனால் கச்சான் வரும். வடகிழக்கு ஓய்ந்தால் தென்மேற்கு, அவ்வளவுதான். சர்வ் போடுகிறவர்கள் பந்தை இடது கையால் உயரே தூக்கிப் போட்டு, அது மேலே போய் நின்று கீழே இறங்கும்போது அடிப்பார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கோர்ட்டில் அப்படித் தூக்கிப் போட்டால் பந்து மிளகாய்க்குப் போய்விடும். அதனால் என் தங்கை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மட்டை எட்டுகிற உயரத்துக்கு மேல் ஒரு சாண்கூடப் பந்தைப் போகவிடமாட்டாள். கையை விட்டுக் கிளம்பிய பந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அடித்துவிடுவாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவள் எவ்வளவு வளர்ந்தாள் என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. கோர்ட்டின் பக்கச் சுவரில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கோடு போடுவேன். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட். அவள் சர்வைத் திருப்பி அடிக்க நான் எந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறதோ, அந்த இடத்தில் கோடு. முதல் கோடு உள்ளே, நெட்டுக்குப் பக்கத்தில். அப்போது அவள் பந்து என்னிடம் வந்து சேரவே யோசிக்கும். அடுத்த வருடம் இரண்டு எட்டு பின்னால். அப்புறம் எல்லைக்கோட்டில். அப்புறம் எல்லைக்கோட்டுக்கும் வெளியே. அவளுக்குப் பதினேழு வயதானபோது என் முதுகு பின்சுவரைத் தொட்டது. அதற்குப் பின்னால் போக இடமில்லை.

"இன்னும் பின்னால போண்ணே" என்பாள்.

"எங்க போறது, கடலுக்கா?"

அந்த வருடம்தான் அவள் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினாள். மதுரையில் ஒரு போட்டியில் நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். முழு ஆட்டத்தையும் பார்க்கவில்லை. நான்கு கேம் பார்த்தீர்கள், போன் வந்தது, எழுந்து போனீர்கள். அந்த வாரப் பத்தியில், பந்தைத் தூக்கிப் போடத் தெரியாத இந்தப் பெண் உள்ளூர்ப் போட்டிகளைத் தாண்டமாட்டாள் என்று எழுதினீர்கள். பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டீர்கள்.

உங்கள் தப்பு அத்தோடு சரி. அடுத்த தப்பு என்னுடையது. நான் உங்களை நம்பினேன்.

பெரிய ஆட்டக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். போட்டிகளில் இறங்கிய பிறகு மதுரையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அப்படியே நினைத்தார். ஒரு நீள மூங்கிலைக் கோர்ட்டில் நட்டு, அதன் உச்சியில் காலித் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். பந்து அந்தப் பாட்டில் உயரத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவள் முடியாது என்றாள். நான் கத்தினேன். ஒரு நாள் முழுக்க அவள் மட்டையைத் தொடவில்லை. அப்புறம் போட ஆரம்பித்தாள். காற்றில் பாட்டில் ஒரு பக்கம் ஆடும், பந்து ஒரு பக்கம் போகும், இவள் நடுவில் தள்ளாடுவாள்.

அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "ஏலே, பிள்ளைய மாங்கா அடிக்க விட்ருக்கியா, பந்து அடிக்க விட்ருக்கியா?"

"ஒனக்குத் தெரியாதும்மா. பேப்பர்ல போட்ருக்கான்."

"பேப்பர்ல போட்டவன் இங்கன வந்து ரெண்டு போட்டுக் காமிக்கச் சொல்லு."

அந்த ஒரு வருடம் அவள் போன போட்டிகளில் எல்லாம் முதல் சுற்றிலேயே திரும்பினாள். மைதானங்களில் எங்கள் ஊர்க் காற்று இல்லை, பந்து தூக்கிய இடத்திலேயே இறங்கியது, சர்வ் பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் தோற்றாள். ஏனென்று எனக்குப் புரியவில்லை. பழக்கமாகக் கொஞ்ச நாளாகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பொங்கல் வந்தது. பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு காலையில் கோர்ட்டுக்குப் போனேன். அவள் சர்வ் போட்டாள், நான் திருப்பி அடித்தேன். பத்துப் பந்து, இருபது பந்து. எல்லாம் திரும்பிப் போயின. சரி, கோடு போடலாம் என்று சுவரைப் பார்த்தேன்.

என் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. அவளுக்குப் பதினைந்து வயதில் போட்ட கோடு. ஒரு வருடமாக நான் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நடந்து வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"என்னண்ணே அப்படியே நிக்கிற?"

"வேணும்னே மெதுவாப் போடுறியா?"

"போண்ணே. தோள் பிஞ்சு போகுது, மெதுவாவாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்து மேலே போய்க் கீழே வரும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. அவள் தோள் எங்கே திரும்புகிறது, பந்து தலைக்கு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, அடிப்பதற்கு முன்பே நான் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். பழைய சர்வில் அந்த நேரமே கிடையாது. கை அசைந்தது தெரியும், அடுத்தது பந்து என்னைத் தாண்டியிருக்கும். காற்றுக்காக அவள் கண்டுபிடித்தது, காற்றே இல்லாவிட்டாலும் எதிராளியைக் குருடாக்கும். இத்தனை வருடம் எதிரே நின்ற எனக்கே அது தெரியவில்லை. நான்கு கேம் பார்த்த உங்களுக்கு எப்படித் தெரியும்?

மூங்கிலைப் பிடுங்கிச் சுவருக்கு வெளியே எறிந்தேன்.

"பழைய மாதிரி போடு."

"நெசமாவா?"

"போடுங்கிறேன்ல."

போட்டாள். நான் பார்க்கவே இல்லை. பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்த பந்து என் கெண்டைக்காலில் அடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மட்டையைக் கீழே போட்டு, சிமெண்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு வருடத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ஒரு வருசத்துக்கு ஒரு டீதானாண்ணே?"

"வடை வேணும்னா எடுத்துக்க."

"ரெண்டு எடுப்பேன்."

எடுத்தாள். அன்றைக்கு நான் கோடு போடவில்லை.

அடுத்த வருடம் முதுகு மறுபடி சுவரில் இடித்தது. பின்சுவரில் சாமான் கொண்டுவருவதற்காக வைத்த இரும்புக் கேட் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அம்மா மேலதிகாரியிடம் போய், கேட்டைத் திறக்க வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டிருக்கிறார். "எம் மகளோட பந்து உள்ள பத்தலங்கய்யா" என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, மூன்று பேரும் சேர்ந்து திறந்தோம். இப்போது நான் கோர்ட்டுக்கு வெளியே, கேட்டைத் தாண்டி மணலில் நின்று அவள் சர்வை வாங்குகிறேன். இந்தப் பொங்கல் கோடு வெளியே நிற்கும் பூவரச மரத்தில் இருக்கிறது.

இப்போது அந்த இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். எதிராளி நீங்கள் பத்துக்கு ஒன்பது போட்ட பெண். நல்ல உயரம், நல்ல ஆட்டம், அதை நான் மறுக்கவில்லை. முதல் செட்டை அவள் எடுத்தாள். புழுக்கம் தாங்கவில்லை. கேலரியில் எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அழைப்பிதழை வைத்து நீங்களும் விசிறினீர்கள். காற்று இருந்தால் எதற்கு விசிற வேண்டும்?

நான் ஸ்கோரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் செட்டில் அவள் எல்லைக்கோட்டுக்கு உள்ளே நின்று சர்வை வாங்கினாள். இரண்டாவது செட்டின் நடுவில் ஒரு எட்டு பின்னால் போனாள். அப்புறம் இன்னொன்று. பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், தரையவே பாக்குறீங்க? ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றார்.

"இல்லங்க. எந்தங்கச்சி ஜெயிச்சுக்கிட்டிருக்கா."

"ஸ்கோர் சமமால்ல இருக்கு?"

"இருக்கட்டும்."

இரண்டாவது செட் என் தங்கைக்கு. மூன்றாவது செட்டில் அந்தப் பெண் பின்னால் போய்ப் போய், கடைசி கேமில் அவள் மட்டை பின்னால் கட்டியிருந்த பச்சைத் துணியில் உரசியது. எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். நானும் முதுகு சுவரில் இடிக்க அங்கேதான் நின்றேன். அங்கே ஒரு கேட் இல்லையே என்று அவளுக்காகப் பரிதாபமாகக்கூட இருந்தது. என் தங்கை பந்தை மட்டை எட்டும் உயரத்துக்கு மட்டும் தூக்கினாள். அவ்வளவுதான். பந்து துணியில் மோதிய சத்தம் கேட்டது, அந்தப் பெண் அசையவே இல்லை. கேலரி எழுந்து நின்றது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அதற்கப்புறம்தான் நீங்கள் காற்று என்றீர்கள். மேடையில் கோப்பையோடு நின்ற என் தங்கை என்னைப் பார்த்தாள். இறங்கி வந்து, "காத்தா அடிச்சுச்சுண்ணே?" என்று கேட்டாள்.

"எங்க அடிச்சுச்சு காத்து. எஞ்சட்டையத் தொட்டுப் பாரு, பிழிஞ்சா ஒரு வாளி வரும்."

உங்கள் காரருகே வந்து நானே கேட்டேன். "தம்பி, உணர்ச்சிவசப்படாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள்.

சரி, உணர்ச்சிவசப்படாமல் சொல்கிறேன். என் தங்கையிடம் குறை இருக்கிறது. பேக்ஹேண்டில் உயரமாக வரும் பந்துக்குத் திணறுகிறாள். நெட்டுக்கு ஓடச் சோம்பேறித்தனம். அம்பயர் ஒரு பந்தைத் தப்பாகச் சொன்னால் அடுத்த இரண்டு பாயிண்டைக் கோபத்திலேயே விடுவாள். அது எங்கள் குடும்பக் குணம். இரண்டாவது சர்வ் இன்னும் ஒரு வருடம் கேட்கும். உலகத்தில் முதலாவதாக வருவாளா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என் இடம் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான். பூவரச மரத்துக்குப் பின்னால் நிறைய மணல் இருக்கிறது.

அவளைத் தேர்ந்தெடுங்கள் என்று உங்களை நான் கேட்கவில்லை. ஆட்டத்தைப் பார்த்து, குறையைக் குறையாகச் சொல்லி, வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொள்வேன். இல்லாத காற்றைச் சொல்லி அவளை வெட்டக் கூடாது.

குழு கூடுவதற்கு முன்னால், அதே பத்தியில், அதே இடத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். ஊர் அறியச் சொன்னதற்கு ஊர் அறியப் பதில் வேண்டும். அன்று சாயங்காலம் உங்களுக்கு எதிரே இருந்த கொடி அசைந்ததா, இல்லையா?