மந்தாரைக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் பக்கம் ஒருவர் மேல் பிரியம் என்றால் முதலில் தண்ணீர்தான் கொடுப்போம். வானம் பார்த்த கரிசல் பூமி. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டு வளர்ந்தவள் நான். அதனால் ஆமத்தூர் வீட்டின் பின்பக்கம் செம்மந்தாரைக் கன்று வைத்தபோது, அதற்கு ஒரு நாள்கூடத் தாகம் தெரியக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் போக, தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர்.

ஆறு வருஷத்தில் மரம் மொட்டை மாடியைத் தாண்டிவிட்டது. இலை என்றால் இலை, அப்படி ஓர் இலை! ஒவ்வொன்றும் மாட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்து, பார்க்கவே குளுகுளுவென்று இருக்கும். பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. போன தீபாவளி சீசன் முடிந்ததும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பங்குனிக்குள்ள பூக்கலைன்னா வெட்டிட்டுக் கார் செட்டுப் போடப் போறேன். தகரக்காரருட்ட சொல்லியாச்சு."

"மரத்துல கை வச்சீக, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றேன். மரத்திடம் தனியாகப் போய்க் கெஞ்சினேன். "என் மானத்தக் காப்பாத்து தாயி. ஒத்தப் பூவாச்சும் பூத்துரு."

பொங்கல் கழிந்ததும் காரியாபட்டியில் என் அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். துணைக்குப் போய் இரண்டு மாதம் இருந்தேன். தினமும் போனில் முதல் கேள்வி, "மரத்துக்குத் தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்துனேன், ஊத்துனேன்" என்பார்.

பங்குனி முதல் வாரம் திரும்பி வந்து பின்கதவைத் திறந்தவள் "ஆத்தாடி!" என்று நின்றுவிட்டேன். மரத்தில் ஓர் இலை இல்லை. கிளை முழுக்கப் பூ. இளஞ்சிவப்பில் நான்கு இதழ், ஐந்தாவதில் மட்டும் ரத்தச் சிவப்பாகக் கோடு. தேனீ இரைச்சல் அடுப்படி வரை கேட்டது. அவர் கொண்டுவரும் லேபிள்களில் எத்தனையோ நிறம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. அழுதேவிட்டேன்.

"எம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்டீக!" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு சொட்டு ஊத்தலை. காஞ்சுபோனா வெட்ட லேசா இருக்கும்னு விட்டேன். இலையெல்லாம் கொட்டுச்சு, சரி, செத்துருச்சுன்னு நெனச்சேன். பெறகு பாத்தா இப்பிடி நிக்கிது."

"அடப் பாவி மனுசா!" என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே விஷயம் உறைத்தது. ஆறு வருஷம் அதைப் பூக்க விடாமல் வைத்திருந்தது நான் ஊற்றிய தண்ணீர்.

மறுநாள் காலையில் கைப்பழக்கத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மரத்தடியில் வழியை மறித்து நின்றார்.

"ஏ, இங்கன வராத. செட்டு வேண்டாம்னு தகரக்காரருட்ட சொல்லிட்டேன். நீ ஒரு சொட்டு ஊத்துன, கெட்ட கோவம் வரும் எனக்கு."

நான் உயிராக வளர்த்த மரத்தை, வெட்ட நின்ற மனுஷன் என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்.