வேர்ச் சுவர்

அந்த அடுப்பு எரிந்த இடத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வாய்க்கால் கரையில் நின்ற பெரிய புளியமரம் புயலில் சாலையின் குறுக்கே சாய்ந்திருந்தது. சாய்ந்தபோது அடிமண்ணோடு வேர்களையும் பெயர்த்துத் தூக்கிவிட்டதால், மரத்தின் அடிப்பாகம் ஓர் ஆளுக்கு மேல் உயரமான வட்டச் சுவர்போல நெட்டுக்குத்தாக நின்றது. சுவருக்கு ஒரு பக்கம் சாலை, அதில் படுத்துக் கிடந்த மரம். மறுபக்கம் வேர் பெயர்ந்த குழி. கரை மேட்டு மண்ணில் மணல் கலந்திருந்ததால் குழியில் தண்ணீர் தங்கவில்லை. அந்தக் குழிக்குள், வேர்ச் சுவரின் மறைவில், செங்கல் கூட்டி அடுப்பு வைத்து, ஊருக்கே பொதுச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். பால்வாடி ஆயாதான் பொறுப்பு. நான் போய் நின்றதும் அவர் கரண்டியோடு நிமிர்ந்து, “பாருங்க தம்பி, நெருப்பு ஆடுதா? அம்புட்டு அடக்கம். நாங்களே இங்கன குடிவந்துரலாம்னு இருக்கோம்” என்று சிரித்தார்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற விளிம்பில் வந்த புயல் அது. கோடியக்கரையிலிருந்து அதிராம்பட்டினம் வரை கடலோரத்தில் இருந்தவர்களுக்கு அதன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. “புயலுக்கு முன்னாடி”, “புயலுக்குப் பிறகு” என்றுதான் இன்றும் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் கணக்குச் சொல்கிறார்கள். நாள் கிழமையைச் சரியாகச் சொல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்று நினைக்கிற நானும், இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். என் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊர், கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. தஞ்சாவூரிலிருந்து அரிசி, தீப்பெட்டி, மெழுகுவத்தி எல்லாம் கட்டிக்கொண்டு நான் அங்கே போனேன். வழியெல்லாம் தென்னை மரங்கள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. கதிர் வரப்போகிற சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. ஊரில் ஓடு தங்கிய வீடு ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் எல்லாரும் தங்கியிருந்தார்கள். வராந்தாவில் அடுப்பு மூட்டினால் வாடைக்காற்றில் அணைந்துபோனது. அதனால் அந்தக் குழியை யாரும் குழியாகப் பார்க்கவில்லை. சமையலறையாகத்தான் பார்த்தார்கள்.

சித்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. விசை, இயக்கம், ஆற்றல் என்ற மூன்று பாடங்களை ஆண்டுதோறும் நடத்தி நடத்தி, அவை அவர் கண்ணிலேயே ஏறிவிட்டன என்று வீட்டில் கேலி செய்வோம். மற்றவர்கள் ஓடுகிற வண்டியைக் கண்டு ஒதுங்குவார்கள். சித்தி நிற்கிற வண்டியைக் கண்டு ஒதுங்குவார். மேட்டில் நிறுத்திய டிராக்டரின் முன்னால் நடக்க மாட்டார். சுவரில் சாத்திய ஏணி, துணிக் கொடிக்கு இழுத்துக் கட்டிய கம்பி, லாரியில் அடுக்கிய நெல்மூட்டை எதற்குப் பக்கத்திலும் பிள்ளைகளை நிற்க விடமாட்டார். “ஓடுறது தன் பலத்தைக் காட்டிக்கிட்டு ஓடுது. சும்மா நிக்கிறது எவ்வளவு வச்சிருக்குன்னு சொல்லவே சொல்லாது” என்பார். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, “நானும் சும்மாதான் உக்காந்திருக்கேன், பாத்து நடந்துக்க” என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார்.

நான் வந்த அன்று காலையில்தான் சித்தியும் முதல்முறையாக அந்த அடுப்பைப் பார்த்தார். அதுவரை வகுப்பறைகளில் ஆட்களைப் பிரித்துத் தங்கவைக்கிற வேலையில் இருந்திருக்கிறார். குழியின் விளிம்பில் வந்து நின்றவர் கீழே இறங்கவில்லை. வேர்ச் சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுற்றிவந்து சாலைப்பக்கம் கிடந்த மரத்தின் நீளத்தைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்திராத ஒரு வெளிறல்.

“ஆயா, அடுப்பை வெளியில எடுங்க. இந்த மரம் எந்திரிக்கும்.”

குழிக்குள் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆயாதான் முதலில் சிரித்தார். “செத்த மரம் எப்படிங்க டீச்சர் எந்திரிக்கும்? சோறு கேக்குமோ?”

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. ஓர் அகப்பையை வாங்கி அண்டாவின் விளிம்பில் குறுக்கே வைத்துக் காட்டினார். நீண்ட கைப்பிடி வெளிப்பக்கம் இருக்கிறவரை அகப்பை வெளிப்பக்கம்தான் சாயும். கைப்பிடியை வெட்டிவிட்டால் தலைப்பாகம் அண்டாவுக்குள் விழும். இங்கே கைப்பிடி, சாலையில் கிடக்கிற மரம். தலைப்பாகம், இந்த வேரும் மண்ணும். மண்ணுக்குள் இன்னும் அறுபடாத வேர்கள் வில்லைப்போல வளைந்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. கிளையும் தண்டும் சேர்ந்த கனம்தான் இந்தச் சுவரை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அந்தக் கனத்தை வெட்டி எடுத்த நேரத்தில், சுவர் தன் குழிக்கே திரும்பி வரும். “மூடி போட்ட மாதிரி மூடிக்கும் ஆயா. நீங்க உள்ள இருப்பீங்க.” ஆயா அகப்பையை வாங்கித் துடைத்துவிட்டு, “அது அகப்பை டீச்சர், இது மரம்” என்றார். அதில் ஏளனம் இல்லை. வேலை கிடக்கிறதே என்ற அவசரம்தான்.

மதியத்துக்கு முன்பே சாலையைத் திறக்க வெளிமாவட்டத்திலிருந்து ஆட்கள் இயந்திர ரம்பத்தோடு வந்தார்கள். சித்தி குழிக்குள் இறங்கி, கையைப் பிடித்து இழுக்காத குறையாக எல்லாரையும் மேலே ஏற்றினார். உலையில் அரிசி பாதி வெந்திருந்தது. ரம்பம் இரைந்தது. கிளைகள் போயின. பிறகு சாலையின் ஓரத்தில் தண்டை அறுத்து மேல்மரத்தை உருட்டித் தள்ளினார்கள். ஊரே தள்ளி நின்று வேர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அசையவில்லை. ஒரு மண்கட்டிகூட உதிரவில்லை. சாலையோரம் வரை நீண்டிருந்த அடித்தண்டு அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அடியில் சோறு தீய்ந்துபோயிற்று. அன்றைக்குத் தீய்ந்த சோற்றைத்தான் ஊர் சாப்பிட்டது. பந்தியில் யாரோ, “டீச்சர் மரம் இன்னும் தூங்குதுடா, சத்தம் போடாம தின்னுங்க” என்று சொல்ல, சிரிப்பு வரிசை முழுதும் ஓடியது. புயலுக்குப் பிறகு அந்த ஊர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். சித்தியும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அடுப்பு குழிக்கே திரும்பிப் போனது. சித்தியின் சொல்லுக்கு அதன்பிறகு மதிப்பில்லை. சொன்னது நடக்காததால் வந்த கேடு அது. நடந்திருந்தால் ஒரு நொடியில் ஊர் நம்பியிருக்கும். அவரே ஓரிரு முறை தயங்கியதைப் பார்த்தேன். சாலைப்பக்கம் போய் எஞ்சிய தண்டின் நீளத்தைக் கண்ணால் அளப்பார், வேர்ச் சுவரைப் பார்ப்பார், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்புவார். சுவரை இழுத்து மறுபக்கம் சாய்த்துவிட டிராக்டர் கேட்டு அலைந்தார். இருந்த வண்டியெல்லாம் மின்கம்பம் இழுக்கப் போயிருந்தன. “இருக்கிற தண்டை மட்டும் யாரும் தொடாம இருந்தாப் போதும்” என்று என்னிடம் சொன்னார்.

தொட்டார்கள். புளியங்கட்டை, கறிக்கடையில் இறைச்சி வெட்டும் அடிக்கட்டைக்கு உகந்தது. கத்தி இறங்கினாலும் சிம்பு பறக்காது. பக்கத்து ஊர்க் கறிக்கடைக்காரர் வந்து ஊராரிடம் கேட்டு, தண்டின் முனையில் ஒரு வட்டத் துண்டு அறுத்துக்கொண்டு போனார். மறுநாள் இன்னொரு கடைக்காரர். பிறகு அடுத்த ஊரிலிருந்து ஒருவர். யாருக்கும் அது குற்றமில்லை, கிடந்து மக்குகிற மரம்தானே. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் தண்டு குட்டையானது. முதலாமவரிடம் சித்தி கைகூப்பிக் கேட்டுக்கொண்டபோது, “டீச்சரம்மா சொன்னாச் சரி, நான் இனி வரலை” என்று மரியாதையாகச் சொன்னார், வரவுமில்லை. மற்றவர்களுக்கு யார் சொல்வது? மழை பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. குழிக்குள் அடுப்பு எரிந்தது. குளிருக்கு அடக்கமாகக் கைக்குழந்தைக்காரிகளும் அங்கேயே வந்து உட்காரத் தொடங்கினார்கள். வெந்நீர் வைத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் அங்கேதான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சாலைப்பக்கம் மறுபடி ரம்பத்தை இயக்கும் இரைச்சல் கேட்டது. சித்தி பள்ளிக் குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு நடந்தார். ஓடவில்லை. குழியின் விளிம்பில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், குடத்தை அப்படியே அடுப்பின்மேல் கவிழ்த்தார். சாம்பலும் புகையும் எழும்பி எல்லார் முகத்திலும் அடித்தன.

ஆயா அந்தக் கரண்டியோடு மேலே ஏறிவந்த வேகத்தை என்னால் மறக்க முடியாது. “பைத்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு? படிச்சவங்கன்னு பாக்குறேன்! பச்சப் புள்ளைங்க பசியோட கிடக்குதுங்க, அடுப்புல தண்ணி ஊத்துறீங்களே, இது அடுக்குமா?”

சித்தி பின்வாங்கினார். ஒவ்வொரு அடியாக, குழியை விட்டு விலகி, வாயைத் திறக்காமல். ஆயா திட்டிக்கொண்டே பின்தொடர்ந்தார். சண்டை பார்க்கவும், சேர்ந்து திட்டவும் மற்றப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். கடைசியாக வந்தவள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, “கேளு ஆயா, நல்லாக் கேளு” என்றாள்.

முதலில் ஒரு முனகல். நிலத்துக்கு அடியிலிருந்து, கனமான கதவின் கீல் திரும்புவதுபோல. ரம்பக்காரர் கையை எடுத்துவிட்டுப் பின்னால் தாவினார். குட்டையான அடித்தண்டு தரையிலிருந்து மெல்ல, மிக மெல்ல எழும்பியது. பாதி எழும்பியபின் மெதுவாக இல்லை. வேர்ச் சுவர் முழுதாகக் குழிக்குள் இறங்கிய அந்த அடியில் எங்கள் கால்களுக்குக் கீழே தரை துள்ளியது. அதிர்வு அடங்கியபோது மரம் நிமிர்ந்து நின்றது. அண்டா, அடுப்பு, செங்கல், குழந்தை குளித்த வாளி எதுவும் இல்லை. குழி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளமில்லை.

ஆயாவின் கையிலிருந்து கரண்டி நழுவியது. அவர் கைகளைக் கூப்பினார். சித்தியை நோக்கியல்ல, மரத்தை நோக்கி. “தாயே, எந்திரிச்சிட்டியா! எங்க வயித்துல பால வாத்தியே!” என்று மண்ணில் விழுந்தார். மற்றப் பெண்களும் விழுந்தார்கள். சித்தி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை எல்லாரும் பார்த்தார்கள். பிற்பாடு அதுவே சாட்சியாகிவிட்டது.

கார்த்திகை முடிவதற்குள் அடித்தண்டுக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். சித்திரையில் அது துளிர்த்தது. அறுத்த புளி துளிர்ப்பது வழக்கம்தான், ஆனால் அதற்குள் கதை முற்றியிருந்தது. டீச்சர்மேல் அம்மன் இறங்கித் தண்ணீர் ஊற்றினாள், அடுப்பு அணைந்ததும் எழுந்தாள் என்று அக்கம்பக்க ஊர்களுக்கெல்லாம் போயிற்று. சித்தி வகுப்பில் மறுத்தார், கூட்டங்களில் மறுத்தார், அகப்பையை வைத்து மறுபடி மறுபடி காட்டினார். “அம்மன் வந்த ஆளுக்கு அது தெரியாதுல்ல” என்று பரிவோடு பதில் சொன்னார்கள். ஆடி மாதத்தில் அவர் காலில் விழுந்து திருநீறு கேட்டவர்களும் உண்டு. “என்னை ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்டா. அடுத்த புயலுக்கு இவங்க என்ன செய்வாங்கன்னு நெனச்சாத்தான் தூக்கம் வரல” என்றார் ஒருமுறை. ஓய்வு பெற்றபின் நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் கரையைத் தொடாமல் ஒரு புயல் கடலோடு போயிற்று. அதன் வாலில் அடித்த காற்றுக்கு அதே ஊரின் கீழத்தெருவில் ஒரு வேம்பு சாய்ந்தது. பூட்டிக் கிடந்த சித்தி வீட்டின் சாவியை அதை வாங்கியவரிடம் கொடுத்துவிட்டு வரப் போயிருந்த நான், கூட்டத்தைப் பார்த்து நின்றேன். வேர் எழும்பியிருந்தது. குழிக்குள் கோலம் போட்டு, புது மண்பானையில் பொங்கல் வைத்திருந்தார்கள். ஆயா நன்றாக முதுமை தட்டி, மஞ்சள் புடவையில், வேர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பேரக்குழந்தை. சாலைப்பக்கம் ரம்பக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

“மேல வாங்க ஆயா.”

“டீச்சர் வீட்டுத் தம்பியா? வாங்க வாங்க. பொங்கி வரட்டும், தண்ணி ஊத்தினப்புறம்தான் ஏறணும். முறை அதுதானே?”

நான் விளக்கத் தொடங்கவில்லை. விளக்கியவர் என்ன ஆனார் என்று தெரியும். ரம்பக்காரரிடம் போய், குழி காலியாகும்வரை கை வைக்காதீர்கள் என்றேன். “அதெல்லாம் முறைப்படித்தான் சார், தண்ணி ஊத்துனாத்தான் நான் இழுப்பேன்” என்றார். பக்கத்தில் வேப்பிலை செருகி வைத்திருந்த குடத்தை எடுத்தேன். பொங்கல் பொங்குமுன்பே அடுப்பில் ஊற்றினேன். ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு யாரோ ஒருத்தி, “தம்பி மேலயும் வந்துட்டாடி!” என்று கூவ, குலவை எழுந்தது. குலவையிட்டபடியே பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். ஆயாவை இருவர் கைகொடுத்துத் தூக்கினார்கள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

ரம்பம் இரைந்தது. கிளைகள் போயின, பாதித் தண்டு போயிற்று. மரம் அசையவில்லை.

கூட்டம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கலைந்தது. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. “அவளுக்கு இன்னும் மனசு வரல. டீச்சருக்கும் பல நாள் ஆச்சுல்ல” என்று ஆயா எனக்கு ஆறுதல் சொன்னார். நாளை விடிந்ததும் மறுபடி பொங்கல் வைப்பதாகப் பேசிக்கொண்டே பெண்கள் பானைகளைக் கழுவினார்கள். கழுவியவற்றைக் குழிக்குள் கொண்டுபோய், வேர்ச் சுவரின் அடியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள்.