நான்கு செத்த கம்ப்யூட்டர்களும் என் கார் பந்தயமும்

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேம் சென்டர் இருந்தது. என் அண்ணன் அங்கேயே குடியிருந்தான் என்று சொல்லலாம். ஒருநாள் நானும் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணுங்க உக்கார்ற எடம் இல்லம்மா இது. மெயில் பாக்கணும்னா எதிர்க்கடைக்குப் போ" என்றார். உள்ளே இருந்த அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஓட்டிக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் ஊர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பி பிரவுசிங் சென்டர் நடத்தினார். பழுதாகிப்போன நான்கு கம்ப்யூட்டர்களை அந்தச் சனிக்கிழமை காயலான் கடையில் போட இருந்தார்.

"நாலையும் சேத்து ஒண்ணாக்கறேன் மாமா. ஓடுச்சுன்னா எனக்கு."

"ஓடலன்னா?"

"நானே தூக்கினு போய் காயலான் கடையில போட்டுட்டு வரேன்."

மாமா சிரித்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

கூடத்தில் பழைய பாயை விரித்து நான்கையும் பிரித்துப் போட்டேன். ஒன்றில் மதர்போர்டும் பிராசஸரும் நன்றாக இருந்தன, பவர் சப்ளை மட்டும் கருகியிருந்தது. இன்னொன்று, ஊருக்குத் திரும்பும்போது ஒரு வெள்ளைக்காரர் மாமாவிடம் விட்டுப்போனது. டெலிபோன் லைன் வழியாக இடி இறங்கியதில் அதன் போர்டு போயிருந்தது. ஆனால் உள்ளே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு! அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவதிலிருந்து ஹார்ட் டிஸ்க்கும் ராம் என்ற மெமரிப் பட்டையும் எடுத்தேன். நான்காவதன் பவர் சப்ளையைக் கழற்ற அரைநாள் ஆனது, ஸ்க்ரூ அப்படித் துருப்பிடித்திருந்தது. வியாழக்கிழமை மாலை ஸ்விட்சைப் போட்டேன். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பெட்டியை மூடக்கூட மனமில்லாமல் திறந்தபடியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பீப் பீப் என்று கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். மறுபடியும் பீப். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே, "காயலான் கடைக்கு ஆட்டோ சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மத்தியானம் டார்ச் அடித்து ராம் மாட்டும் இடுக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே வெள்ளைத் தூள்.

என் அப்பா பஸ் கண்டக்டர். வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் சைக்கிள் வந்தாலும், குளித்துவிட்டு வந்து முதலில் அதற்கு விபூதி வைப்பது அவர் வழக்கம்.

"அப்பா! இதுக்குள்ள துன்னூறு போட்டீங்களா?"

"வெள்ளிக்கெழமையாச்சேன்னு ஒரு சிட்டிகதாம்மா போட்டேன். நல்லா ஓடணும்னு."

கத்திவிட்டேன். அப்பாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. அவர் வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் சைக்கிள் பம்பு இருந்தது.

"எங்க அடிக்கணும், சொல்லு" என்றார்.

நான் குழாயைப் பிடித்துக் காட்ட, அவர் வியர்க்க வியர்க்கக் காற்றடித்தார். ராமின் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒரே ஒரு பீப். திரை வெளிச்சமானது. போனில் சொன்னதும் மாமா, "உன்னுதுதாம்மா, வெச்சுக்க" என்றார்.

தோழியிடம் வாங்கி வைத்திருந்த கார் பந்தய சி.டி.யைப் போட்டு, அது கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருக்கும்போது அண்ணன் இரண்டு நண்பர்களோடு வந்தான். திரையில் மழையில் நனைந்த ரோடும், கார் மேல் மின்னும் விளக்கும். "டேய், சென்டர்ல கூட இந்த மாதிரி வராதுடா" என்றான் ஒருவன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் நான் தொடாத ஒரு ஸ்க்ரூ கிடையாது.

ஓட்டுபவர் பெயர் என்ன என்று ஆட்டம் கேட்டது. கேட்டதுதான் தாமதம், அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் பெயரை அடிக்க ஆரம்பித்தான். நான் பக்கத்தில் நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஏந்திரிடா" என்றார் அப்பா. "அது அவ உக்கார்ற எடம்."

அண்ணன் எழுந்தான். நான் உட்கார்ந்து, அவன் அடித்திருந்ததை அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.