ராசாத்தி கனைத்தபோது

கோயமுத்தூர் ரயிலடியில் நான் குதிரை வண்டி ஓட்டிய காலம் அது. என் குதிரை ராசாத்தியிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் ஓட்டுவேன். ‘வா கண்ணு’ என்றால் போதும், எந்த மேட்டிலும் வண்டியை இழுத்துவிடுவாள்.

அவள் தோளில் வந்த கட்டியை அறுக்க, மாட்டாஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து வைக்கோல் மேல் படுக்கவைத்தார்கள். அறுத்து முடித்ததும் டாக்டர் என்னைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினார்.

“ஏனுங்க, அது தானா எந்திரிக்கிற வரைக்கும் நீங்க வாயே தொறக்கக் கூடாதுங்க. மயக்கம் தெளியாம உங்க குரலைக் கேட்டா, எந்திரிக்கப் பாத்துக் காலை ஒடிச்சுப்போடும்.”

துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன். வெகுநேரம் சத்தமே இல்லை. செத்துவிட்டாளோ என்று சுவரில் காதை வைத்துக் கேட்டேன். பிறகு மெல்ல ஒரு கனைப்பு. காலையில் கொள்ளு கேட்டு என்னைக் கூப்பிடுவாளே, அதே கனைப்பு.

“பேசிப்போடாதீங்க மாமா” என்று, கூட வந்திருந்த என் மனைவி என் கையை இறுகப் பிடித்தாள்.

ராசாத்தி மறுபடியும் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“எந்திரிச்சுருச்சுங்க, இனிக் கூப்பிடுங்க” என்றார் டாக்டர். ஓடிப்போய் “கண்ணு” என்றேன். எப்போதும்போல் என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

பிழைத்து, பிறகும் வண்டி இழுத்தாள். ஆனால் அன்று நான் ஏன் பதில் குரல் கொடுக்கவில்லை என்பதை மட்டும், நாளெல்லாம் அவளிடம் பேசிய என்னால், அவளுக்குப் புரியும்படி கடைசிவரை சொல்ல முடியவில்லை.