மைதானத்துக்கு முதுகு

ஆட்டம் தொடங்க இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. ஆரின் ஹாஸ் காபிக் குடுவையின் மூடியை இறுக்கித் திருகிக் காலடியில் வைத்து, அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். பிறகு முதல் வரிசைப் பெஞ்சிலிருந்து எழுந்து, கம்பித் தடுப்பில் முதுகைச் சாய்த்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி எங்களைப் பார்த்து நின்றுவிடுகிறார். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அவர் திரும்ப மாட்டார்.

அவர் மனைவி ஜோனெல் பக்கத்திலேயே மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் முகம் வைத்த ஒரே ஆள் போலத் தெரியும்.

ஆரினுக்கு ஐம்பத்தாறு வயது. ஊர் எல்லையில் இருக்கும் தானியக் கிடங்கில் எடைமேடையைக் கவனிப்பவர். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மக்காச்சோள லாரிகள் வரிசையில் நிற்கும். லாரி ஏறும்போது மேடை முனகுகிற முனகலைக் கேட்டே எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடுவார், அதற்குப் பிறகுதான் முள்ளைப் பார்ப்பார். மூக்கில் தழும்பு விழும் அளவுக்குத் தடித்த கண்ணாடி. அதைக் கழற்றினால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெறும் பால். ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து நின்ற ஜோனெலைப் பார்த்து, "சொல்லுங்க சார், எத்தனை லோடு?" என்று கேட்டாராம். ஜோனெல் இதை ஊரில் சொல்லாத ஆள் இல்லை.

ஆர்டெல் ஊரில் கால்பந்து என்றால் நீள்முட்டைப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளி ஓடுவது. கல்லூரி அணிக்கு நாரைகள் என்று பெயர். சட்டை சாம்பல் நிறம். சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு ஊரே அந்தச் சாம்பல் நிறத்தைப் போட்டுக்கொண்டு மர இருக்கைகளில் அடுக்கி வைத்தாற்போல் உட்கார்ந்துவிடும். கடைத்தெருவில் ஒரு நாய்கூட இருக்காது.

ஆரினின் மகன் கோல்பி மூன்று வருடங்களுக்கு முன் நாரைகளில் சேர்ந்தான். முதல் நான்கு ஆட்டங்களிலும் அவனைப் பெஞ்சில்தான் வைத்திருந்தார்கள்; நான்கிலும் அணி தோற்றது. ஐந்தாவதில் அவனை முதல்முறையாகக் களத்தில் இறக்கிய அந்த நேரம் பார்த்து ஆரினின் காபிக் குடுவை மூடி கழன்று பின்வரிசைக்கு உருண்டது. குனிந்து, திரும்பி, டோரின் பிக்கலின் செருப்புகளுக்கு நடுவே அதைத் தேடிக்கொண்டிருந்தபோது கூட்டம் அலறியது. கோல்பி பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான். மூடி கிடைத்த மகிழ்ச்சியோடு ஆரின் நிமிர்ந்து மைதானம் பக்கம் திரும்பப் போனார். டோரின் அவர் காதைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படியே நில்லு, ஆரின். அசையாதே."

"ஏன், தேளா?"

"உன் மூஞ்சிதான் தேளு. இந்தப் பக்கமே வெச்சுக்க."

டோரின் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் சொன்னால் ஊரில் பாதிப் பேர் இன்னமும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஆரின் அப்படியே நின்றார். அன்றைக்கு ஜெயித்தோம்.

எங்கள் பகுதியில் யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. ஒருவர் வருடம் முழுக்கத் துவைக்காத சட்டையோடு வருவார். அவர் பக்கத்தில் உட்காருவதைப் பெரிய தியாகம் என்று அவர் மனைவி சொல்வாள். இன்னொருவர் கடைசிக் கால்பகுதி தொடங்கியதும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே இருந்தபடியே சத்தத்தை வைத்து ஆட்டத்தைத் தெரிந்துகொள்வார். ஆனால் ஆரினுடையதுதான் பலித்தது. அன்றிலிருந்து முப்பத்தைந்து ஆட்டங்களில் முப்பத்திரண்டு வெற்றி.

தோற்ற மூன்றும் மார்லோ கல்லூரியிடம். மூன்றுக்கும் காரணம் உண்டு. முதல் வருடம் மார்லோ மைதானத்துக் காவலாளி அவரை வலுக்கட்டாயமாகத் திருப்பி உட்காரவைத்தான்; கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தும் பலிக்கவில்லை. மூன்றாம் வருடம் பனியில் அவருடைய வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டதால் போய்ச் சேரவே இல்லை. நடுவில் இரண்டாம் வருடம், எங்கள் மைதானத்திலேயே, ஒலிபெருக்கி "முப்பத்தொன்று, ஹாஸ்" என்று மகன் பெயரைச் சொன்னபோது அவர் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. ஒரு நொடி. 31 என்ற எண்ணையும், கையிலிருந்து நழுவிய பந்தையும் பார்த்தார். மகன் ஆடி அவர் பார்த்தது அந்த ஒரு நொடிதான்.

மார்லோவிடம் தோற்பது மற்ற தோல்வி போல் அல்ல. எங்கள் கல்லூரித் தேவாலய மணியின் நாக்கு அவர்களிடம் இருக்கிறது. ஜெயிக்கிறவர்கள் கழற்றிக்கொண்டு போவது வழக்கம். பதினொரு வருடமாக நாக்கில்லாத மணி கோபுரத்தில் தொங்குகிறது. காற்று பலமாக அடித்தால் அதன் வாய்க்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வரும். மைதானத்தில் கூட்டம் அமைதியாகும்போது அது நன்றாகக் கேட்கும்.

ஆட்டத்தைப் பார்க்காதவர் என்ன பார்ப்பார்? எங்களைத்தான். மூவாயிரம் முகங்களிலிருந்து அவர் ஆட்டத்தைப் படித்துக்கொள்வார். பந்து நழுவப் போகிறது என்றால் ஒரு கணம் முன்பே டோரினின் கீழுதடு தொங்கிவிடுமாம். ஒலிபெருக்கி அறிவிப்பதற்குள் "ஆறு கஜம், இடது பக்கம், விழுந்துட்டான்" என்று முணுமுணுப்பார். எங்கள் கண்கள் போகிற திசையை வைத்து வேகத்தையும் சொல்லிவிடுவார்.

போன செப்டம்பரில், வெயில் கொளுத்திய முதல் ஆட்டத்தில், எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது அவர் டோரினைப் பார்த்துச் சொன்னார்: "உன் வாய் இடது பக்கம் லேட்டா சிரிக்குது."

"உன் கண்ணாடியை மாத்து, கிழவா."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன். திங்கக்கிழமை டாக்டர்ட்ட போ."

போனாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. அந்த வாரமே சரிசெய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆரின் பார்வை தங்கள் முகத்தில் நின்றால் சிலர் தொப்பியை இறக்கிவிட்டுக்கொள்கிறார்கள்.

நான் மூன்றாவது வரிசை. கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறவன். ஒரு புதன்கிழமை மளிகைக் கடையில் ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஆரினின் குரல் வந்தது.

"தம்பி, போன வாரம் மூணாவது கால்பகுதியில எதுக்குச் சிரிச்சே?"

"நானா?"

"நாம பத்துப் புள்ளி பின்னால. எல்லார் மூஞ்சியும் எழவு வீடு மாதிரி இருந்துச்சு. நீ மட்டும் சிரிச்சே."

எங்கோ படித்த ஒரு கவிதை வரி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியல" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பாக்கெட்டிலிருந்து கடலை எடுத்துக் கொடுத்தார். பிறகு தயங்கி, வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மேல் வரிசையில, விளக்குக் கம்பத்தை ஒட்டி, ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். சாம்பல் குல்லா. மூணு வருஷமா பார்க்கறேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் அவர் மூஞ்சி மட்டும் மாறவே மாறாது. யாரு அது?"

அடுத்த சனிக்கிழமை நான் திரும்பிப் பார்த்தேன். கம்பத்தை ஒட்டி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஆரின் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நீ திரும்பினதும் எந்திரிச்சுப் போயிட்டார்" என்றார்.

வெளியூர் ஆட்டங்களுக்கும் போவார். அணியின் பேருந்துக்குப் பின்னால் தன் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் ஜோனெல், மடியில் சாண்ட்விச். அந்நிய ஊர் இருக்கைகளில் ஒருவர் மட்டும் திரும்பி நின்று தங்களை உற்றுப் பார்ப்பதை அங்குள்ளவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

"யோவ், மைதானம் அந்தப் பக்கம்யா!"

"தெரியும். அதான் இந்தப் பக்கம் நிக்கறேன்."

"உன் பொண்டாட்டி பார்க்கறாங்களே, அவங்களுக்குத் தோஷம் இல்லையா?"

"அவ என்னைக் கட்டிக்கிட்டதே பெரிய தோஷம்" என்பார். ஜோனெல் சாண்ட்விச்சிலிருந்து தலை தூக்காமல் "உண்மைதான்" என்பார்.

ஒளிப்பதிவைக்கூட அவர் பார்ப்பதில்லை. அதுவும் கணக்கில் சேருமோ என்று பயம். முதல் வருடம் கோல்பி வீட்டுக்கு வந்தபோது, "அப்பா, நீங்க திரும்பி நின்னா ஜெயிக்கிறோம்னா திரும்பியே நில்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். பையன் விளையாட்டாகச் சொன்னதை அப்பா வேலையாக எடுத்துக்கொண்டார்.

இந்த நவம்பரில் கோல்பியின் கடைசி ஆட்டம் வந்தது. ஒன்பதும் ஜெயித்திருந்தோம். பத்தாவது மார்லோ, எங்கள் மைதானத்தில். அதற்கு இரண்டு வாரம் முன்பு, வேறோர் ஆட்டத்தின் இடைவேளையில், ஆரின் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் பகுதியிடம் கேட்டார்.

"மார்லோ ஆட்டத்துல கடைசி ஒரு நிமிஷம் மட்டும் திரும்பிக்கட்டுமா? இனிமே அவன் ஆட மாட்டான். நான் அவன் ஓடிப் பார்த்ததே இல்ல."

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டோரின் சூடான சாக்லேட் பானத்தை ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள்.

"மணி அடிக்கட்டும், ஆரின். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பாரு."

"அப்ப ஆட்டம் முடிஞ்சிருக்குமே."

"ஜெயிச்சிருப்போம்ல?"

சரி என்று அவர் தலையாட்டினார். எடைமேடையில் லாரி ஏறும்போது கேட்குமே, அந்த மாதிரி ஒரு முனகல் கேட்டது. பெஞ்சாக இருக்கலாம்.

மார்லோ வந்த சனிக்கிழமை வானமும் சட்டைகளும் ஒரே நிறம். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு நிமிடம் மீதி, மூன்று புள்ளி முன்னால், பந்து எங்களிடம். கோல்பி பந்தை அணைத்துக்கொண்டு வலப்பக்கமாக வளைந்து ஓடினான். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் வந்தார்கள். அந்தச் சத்தம் மூன்றாவது வரிசைக்கே கேட்டது.

கூட்டம் அமைதியானது. மேலே கோபுரத்தில் மணி மூச்சுவிட்டது.

ஆரின் எங்கள் முகங்களைப் படித்துக்கொண்டிருந்தார். இடமிருந்து வலம், வரிசை வரிசையாக. படித்து முடித்தும் ஒப்புக்கொள்ளாதவர் போல மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"யாரு?" என்றார்.

தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி ஜோனெல் சொன்னார்: "எந்திரிக்கல, ஆரின்."

அவர் தோள் அசைந்தது. அதற்குள் டோரினின் கை அங்கே இருந்தது. "வேணாம். ரெண்டே நிமிஷம். அவனுக்காகத்தான் சொல்றேன். நீ பார்த்தா அவனுக்கு இன்னும் ஏதாவது ஆயிடும்." துவைக்காத சட்டைக்காரர் ஒரு முழங்கையைப் பிடித்தார். பின்னாலிருந்து யார் யாரோ. எல்லோரும் மெதுவாகத்தான் பிடித்தார்கள், குழந்தையைப் பிடிப்பது போல. நான் எப்போது இரண்டு வரிசை இறங்கி வந்தேன் என்று தெரியவில்லை. என் கையும் அவர் தோளில் இருந்தது. அவருடைய கம்பளிக் கோட்டின் ஈரம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

அவர் எங்களுக்கு மேலே, வெகு உயரத்தில், பார்த்தார்.

"கம்பத்துக்கிட்ட இருந்தவர் எந்திரிச்சுட்டார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் திரும்பவில்லை.

"சிரிக்கிறார், தம்பி. படியில இறங்கி வர்றார்."

எங்கள் எல்லோருடைய முதுகும் அந்தப் படிகளுக்குத்தான் இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. என் பின்கழுத்தில் காற்று பட்டது. நவம்பர் காற்று அப்படித்தான் இருக்கும்.

என் கை முதலில் நழுவியது. பிறகு டோரினுடையது.

ஆரின் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காம்பை மடக்கினார், மறு காம்பை மடக்கினார், சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். பொத்தான் சரியாக விழுந்ததா என்று, காபிக் குடுவை மூடியைத் தொட்டுப் பார்ப்பது போல, தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மைதானத்தைப் பார்க்கத் திரும்பினார்.

மீதி இரண்டு நிமிடத்தில் நடந்ததை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில்லாத அவர் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தோல் உரித்தது போல இருந்தது. இருவர் தாங்கிப் பிடிக்கக் கோல்பி ஒற்றைக் காலில் எழுந்து நின்றான். இருக்கைகளைத் தேடி ஒரு கையைத் தூக்கினான். கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டுகிறோம் என்று ஆரின் புரிந்துகொண்டு தன் கையையும் தூக்கி ஆட்டினார், மைதானத்தில் யாருமே நிற்காத தூரத்துக் கோல் கம்பத்தைப் பார்த்து.

ஜோனெல் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார்.