அத்தைக்குப் போட்ட முட்டுக்கட்டை

எங்கள் குடும்பத்தில் பாசம் என்றால் தூக்குவதுதான். விருந்தாளியின் பெட்டியைத் தூக்குவோம், அவர்கள் பிள்ளையைத் தூக்குவோம், வேண்டாம் என்றாலும் விடமாட்டோம். பினாங்கிலிருந்து அத்தை வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா முதலில் ஏற்பாடு செய்தது தூக்குவதற்கான ஆட்களைத்தான்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகிக் கடல் கடந்து போனவர். அங்கே நடந்த ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்குப் பிறகு ஊருக்கு வரவேயில்லை. இப்போது அவர் ஏறிய சுற்றுலாக் கப்பல் கடலூரில் ஒரு பகல் மட்டும் நிற்கும் என்றார்கள். பெரிய கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்கள் படகில் கரைக்கு வருவார்கள். சாயங்காலம் அதே படகு திரும்பிவிடும். அதற்குள் சிதம்பரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அத்தையின் ஆசை. சின்ன வயதில் அப்பாவும் அவரும் வருஷம் தவறாமல் அங்கே தேர் பார்க்கப் போவார்களாம்.

படகு கரையைத் தொட்டதுமே எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். அத்தை "இருங்க, இருங்க" என்றது யார் காதிலும் விழவில்லை. சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, பாசத்தோடு ஒரு கருங்கல்லில் இடித்து இறக்கினார்கள். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியின் பிரேக்தான் வளைந்துவிட்டது. கையை எடுத்தால் அது பாட்டுக்கு உருண்டது.

எங்களை வாடகைக் காரில் கூட்டிப்போக வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, படகு கட்டும் இடத்தில் கிடந்த ஒரு ஆப்பு மாதிரியான கட்டையைத் தேடி எடுத்தார். அதை என் கையில் கொடுத்து, "தேர் நிக்கணும்னா என்னா போடுவாங்க? முட்டுக்கட்ட. இன்னைக்கு நீதான் அந்த ஆளு" என்றார்.

புது ஆட்களைக் கண்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிற பிள்ளை நான். எனக்கு இது நல்ல வேலையாக இருந்தது. யாரோடும் பேச வேண்டாம். அத்தை "போடு" என்றால் சக்கரத்தடியில் போட வேண்டும், "எடு" என்றால் எடுக்க வேண்டும்.

சிதம்பரத்தில் கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் கார் நின்றது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து படிகளைப் பார்த்தார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூ விற்றவர், ரிக்‌ஷாக்காரர், சாமி கும்பிட வந்தவர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள்.

"நாலு பேரு புடிச்சா போதும் சார், பூ மாதிரி உள்ள கொண்டுபோயிடலாம்" என்றார் ஒருவர்.

அத்தையின் முகம் சுருங்கியது. "போடு" என்றார். போட்டேன்.

"என்னைத் தூக்காதீங்க. அங்க என் வேலைய நான்தான் பாத்துக்கறேன், கப்பல்லயும் நானேதான் போறேன் வரேன். சொந்த ஊருக்கு வந்து மூட்டையா ஆவணுமா?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, இம்மாந்தூரம் வந்துட்டு சாமி பாக்காம போறதா?" என்றார். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று அம்மா மெதுவாகச் சொன்னார். அத்தை அழப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாமாதான் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஏன் மச்சான், அம்மாம் பெரிய தேரு போற வீதி இருக்கு. படியா, மேடா? அக்கா வண்டி போவாதா அதுல?"

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எடு" என்றார்.

கீழ வீதியில் தேரடியிலிருந்து கிளம்பினோம். சக்கரத்துக்கு வெளியே இருந்த வளையத்தை அத்தை இரண்டு கைகளாலும் தள்ளித் தள்ளிப் போனார். பக்கத்திலேயே அம்மா குடையோடு ஓடினார். பின்னால் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நான். எனக்குப் பின்னால் மாமாவின் கார் நத்தை மாதிரி வந்தது. அப்பா மட்டும் கையைக் கையைக் கொண்டுபோய் நாற்காலியைத் தொடப் பார்த்தார். தொட்டபோதெல்லாம் அத்தை நிறுத்திவிட்டார். தெற்கு வீதியில் ஒரு கடை வாசலில் போடு. மோர் குடித்ததும் எடு. "இங்கதான்டா தேரு மூலையில மாட்டிக்கிச்சு, நீ அழுத" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார்.

மேல வீதி முடியும்போது அத்தைக்கு மூச்சு வாங்கியது. அப்பா கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"போதும்க்கா. வெயிலு ஜாஸ்தியா இருக்கு. படகு போயிடும். கார்ல ஏறு."

"இன்னும் ஒரு வீதிதான தம்பி."

"கப்பல விட்டுட்டா என்னா செய்வ?"

"நீ முட்டுக்கட்ட போடாதடா. அதுக்குத்தான் தனியா ஒரு ஆளு வச்சிருக்கேனே."

மாமா காருக்குள்ளிருந்தே சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டார். அப்பா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். வடக்கு வீதி முழுக்க "ஒத்து, ஒத்து, வழி விடுங்க" என்று சைக்கிள்களையும் தள்ளுவண்டிகளையும் விலக்கிக்கொண்டே நடந்தார். அதன் பிறகு அவர் நாற்காலியைத் தொடவே இல்லை.

தேரடிக்குத் திரும்பி வந்ததும் அத்தை கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போதுதான் அவருடைய உள்ளங்கைகளைப் பார்த்தேன். சிவந்து கொப்புளித்திருந்தன.

"வலிக்குதா அத்தை?" அன்றைக்கு நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"வலிக்குதும்மா" என்றார். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். வலிக்கிறவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாமா காரை விரட்டிய விரட்டில் படகைப் பிடித்துவிட்டோம். எங்கள் ஆட்கள் தயாராக நின்றிருந்தார்கள். அப்பா கையை விரித்து அவர்களைத் தடுத்தார். "இருங்கப்பா. அக்கா, எப்படித் தூக்கணும்னு நீ சொல்லு." அத்தை ஒவ்வொருவருக்கும் எங்கே பிடிப்பது என்று காட்டினார். இந்த முறை எதிலும் இடிக்கவில்லை.

இப்போது என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் உதவிக்கு வருகிறவர்களிடம், எங்கே பிடிப்பது என்று அவரையே கேட்கச் சொல்வேன். அப்போதெல்லாம் அப்பாவை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குப் படகில் ஏற்றத் தூக்குவதற்கு முன் நான் சக்கரத்தடியிலிருந்து எடுத்த கட்டையை அத்தை கையை நீட்டி வாங்கினார். முந்தானையால் மண்ணைத் துடைத்து, பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று மாமாவைக் கேட்டேன். "கப்பலு ஆடும்ல? நாற்காலி உருண்டுடாம இருக்கத்தான்" என்றார்.

நான் நம்பினேன். அந்தக் கப்பலில் அத்தை விழாமல் போய்ச் சேர்ந்தது என் கட்டையால்தான் என்று வெகுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய கப்பலில் ஒரு பிரேக்கைச் சரிசெய்ய ஆள் இல்லாமலா போயிருக்கும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.