மருது கலக்கிய யூரியா

கோவிலூர்ப் பக்கத்து மருதுவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் முப்பது வருடம் லாரி ஓட்டியே போனது. கரும்புகை கக்கினால்தான் வண்டி இழுக்கிறது என்று நம்பிய ஆள். முதலாளி வாங்கிய புது லாரியோ புகையே விடாது. புகையிலுள்ள நஞ்சை முறிக்க, டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு டேங்க். அதில் யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தீர்ந்தால் வண்டி தானே முடங்கிவிடும். "வண்டிக்கும் உரம் வைக்கணுமாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்.

அன்று வண்டியைக் கேட்டு வாங்கியது தங்கை சின்னத்தாயிக்காக. புருஷனை இழந்தவள். இரண்டு வருடம் மழை ஏமாற்றியபின் விளைந்த நெல், அறுபது மூட்டை. வாடகைக்கு டிராக்டர் பேசுகிறேன் என்றவளை, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று தடுத்தவர் மருதுதான். பக்கத்து அரசுக் கொள்முதல் நிலையத்தை ஏற்கெனவே மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்று முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. அதுவும் இன்று ஐந்து மணியோடு சரி, இந்த வருடத்துக்கு இனிக் கிடையாது என்று அங்குள்ள எழுத்தர் காலையில் போனில் சொன்னார். தங்கை பதறுவாளே என்று மருது அதை அவளிடம் சொல்லவில்லை.

மூட்டை ஏற்றி முடிக்க மூன்றரை. சாவியைத் திருப்பினால் யூரியா விளக்கு எரிகிறது. காரைக்குடிக்குப் போய் கேன் வாங்கிவர ஒரு மணி நேரமாகும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு யூரியாவைத் தெரியாதா? வயலுக்குப் போட்டது போக சின்னத்தாயி வீட்டில் அரை மூட்டை கிடந்தது. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரில் கரைத்து, துண்டில் வடிகட்டி ஊற்றினார். விளக்கு அணைந்தது.

"எங்கண்ணனுக்குத் தெரியாத வண்டியா?" என்றாள் அவள்.

ஆறு கிலோமீட்டர்தான். சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தியது. வயல் யூரியா வேறு, வண்டி கேட்கும் சுத்த யூரியா வேறு. போதாததற்கு உப்புத் தண்ணீர். பாழாய்ப்போன வண்டி கண்டுபிடித்துவிட்டது. எவ்வளவு மிதித்தும் வேகம் இருபதைத் தாண்டவில்லை. நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். கெஞ்சினார். கெட்ட வார்த்தை சொன்னார். எழுத்தர் போனை எடுக்கவில்லை. வேறு வண்டிக்கு மாற்ற ஆளுமில்லை, நேரமுமில்லை. மொபெட்காரர்கள் திரும்பிப் பார்த்தபடி முந்திப் போனார்கள். நாலரை, ஐந்து, ஐந்தரை. பக்கத்து சீட்டிலிருந்த சின்னத்தாயி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே இப்பிடி வேர்த்துப்போயி இருக்கீக? மெதுவாவே போங்க."

போய்ச் சேர்ந்தபோது ஆறே கால். தராசைக்கூட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காவலாளி மருதுவின் முகத்தைப் பார்க்காமல், "முடிஞ்சுபோச்சுண்ணே. இனி யாவாரி கேக்குற வெலைதான்" என்றார்.

மருது வண்டிக்குத் திரும்பினார். சின்னத்தாயி அதற்குள் இறங்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பூட்டிட்டாகளா? அதனால என்னண்ணே, நாளைக்கு மொத ஆளா நம்மதான். நீங்க எதாச்சும் சாப்பிட்டு வாங்க. நான் நெல்லுக்குக் காவலா இருக்கேன்."

"சரித்தா" என்றார் மருது.